கையில் கத்தரிக்காய், வாயில் பிரெஞ்சு

பேச்சியம்மாள் கதவோரம் நின்றாள். நீலச் சுங்கடிச் சேலை, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். அந்தக் கைகளைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். 

எதிரே நாற்காலியில் அவள் கணவனின் அண்ணன் வேலுச்சாமி. எட்டு வருஷம் சைகோனில் துணிக்கடை நடத்திவிட்டு ஊருக்கு வந்திருந்தார். சந்தன நிறக் கோட்டு. சித்திரை மாதத்து மதுரையில் அந்தக் கோட்டைப் பார்த்தவர்களுக்கும் வியர்த்தது.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பிரெஞ்சில் ஒரு கேள்வி கேட்டார். மிகச் சின்னக் கேள்வி. சௌக்கியமா என்று.

பேச்சியம்மாள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மூடினாள். மாடியில் வடகம் காயவைத்த பாயைக் காக்கை இழுக்கிற சத்தம் கேட்டது. அவள் இன்னொரு முறை திறந்தாள். காக்கைதான் பதில் சொன்னது.

அவள் வாயில் நாலு வாக்கியம் வந்தால் வைகாசியில் கப்பல். கடலுக்கு அந்தப்புறம் கணவன். வராவிட்டால் வேலுச்சாமி மட்டும் திரும்பிப் போவார். அவர் அடுத்து ஊருக்கு வர நாலு வருஷமாகும், ஐந்தும் ஆகும்.

அவளுக்கு மூன்று மாதம் பிரெஞ்சு சொல்லிக் கொடுத்த வாத்தியார் நான். ஒரு சின்ன விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாத்தியாருக்குப் பிரெஞ்சு தெரியாது.

கக்கத்தில் ஒரு புத்தகம்

போன வாரம் இந்தப் பகுதியில் நான் பார்த்த வேலைகளை வரிசையாக எழுதும்போது, சோப்பு ஏஜெண்டுக்கும் நாடகக் கொட்டகை டிக்கெட் கிழிப்புக்கும் நடுவே ‘பிரெஞ்சு வாத்தியார்’ என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு ஓடிவிட்டேன். ஓடவிடவில்லை. திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் கார்டு போட்டிருக்கிறார்: “மதுரையில் ஏதய்யா பிரெஞ்சு?”

இருந்தது. ஒரு கூடை அளவு இருந்தது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. காற்றில் பறந்த காகிதம் மாதிரி ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். காலையில் ஒரு வக்கீல் மகனுக்குக் கணக்கு. மாலையில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் மகனுக்கு இங்கிலீஷ். பாடம் ஆரம்பித்ததும் அவன் தூங்குவான், அவன் தூங்குகிற அழகைப் பார்த்து நான் கவிதை எழுதுவேன். மழை வந்தால் வைகைப் பாலத்துக்கு ஓடுவேன். மழை நின்றால் எதற்கு நின்றது என்று வருத்தப்படுவேன்.

புதுமண்டபத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் ஒரு பிரெஞ்சுப் புத்தகம் அகப்பட்டது. தோல் அட்டை, பொன் எழுத்து. ஒரு எழுத்தும் விளங்கவில்லை. விளங்காததாலேயே அது என்னை மயக்கியது. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேலமாசி வீதிக் காப்பி கிளப்புக்குப் போனேன். தினமும் போனேன். இரண்டு வாரத்தில் ‘பிரெஞ்சிலே மூலத்தைப் படிக்கிறவர்’ என்று பெயர் வந்துவிட்டது. நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. புத்தகத்தைத் திறந்து பார்த்துப் பெருமூச்சு விட்டேன், அவ்வளவுதான்.

அந்தப் பெருமூச்சை நம்பியவன் ராக்கப்பன்.

ராக்கப்பன் என் சிநேகிதன். தெற்குவாசல் பக்கம் கயிற்றுக்கடை வைத்திருந்தான். தேர்வடம் தவிர எல்லாக் கயிறும் அவன் கடையில் கிடைக்கும். ஒரு நாள் காப்பி கிளப்பில் என் எதிரே வந்து உட்கார்ந்தான்.

“மாப்ள, எனக்கு ஒரு உபகாரம் செய்யணும்.”

“சொல்லு.”

“என் தங்கச்சி பேச்சிக்குப் பிரெஞ்சு சொல்லிக் குடுக்கணும்.”

எனக்குக் காப்பி புரையேறியது.

“அவ வீட்டுக்காரரு கருப்பையா சைகோன்ல இருக்காருல்ல. கடிதாசி போட்டிருக்காரு. போன வருசம் பக்கத்துக் கடைக்காரரு பொண்டாட்டிய அங்க கூட்டிட்டுப் போனாராம். அந்தப் புள்ள ஒரு வார்த்தை தெரியாம நாலு சுவத்துக்குள்ள ரெண்டு மாசம் அழுதுட்டு அடுத்த கப்பல்ல திரும்பி வந்துருச்சாம். அதனால, நாலு வார்த்தை பிரெஞ்சு பேசக் கத்துக்கிட்டா அண்ணன்கூடப் புறப்பட்டு வா, இல்லாட்டி இரு பாப்போம்னு எழுதியிருக்காரு. அவரு அண்ணன் சித்திரைக்கு வாராரு. கேட்டுப் பாத்துட்டுத்தேன் கூட்டிட்டுப் போவாராம்.”

“சித்திரைக்கா? இப்பவே தை முடியப் போகுதே!”

“அதுக்குத்தேன உன்கிட்ட வந்தேன். ஆறு வருசமாச்சு மாப்ள கலியாணமாகி. அதுல அவ புருசன்கூட இருந்தது ஒரு தை மாசமும் ஒரு ஆடி மாசமும். ஆடியில இருந்தது கணக்குலயே வராதுன்னு அவளே சொல்லிச் சிரிக்கிறா.”

சிரிக்கிறாள் என்று அவன் சொன்ன விதத்தில் நான் விழுந்தேன். தெரியாது என்று சொல்ல வாயெடுத்தவன், “நாளை மறுநாள் ஆரம்பிக்கிறேன்” என்று சொல்லிவிட்டேன். கிளப்பை விட்டு வெளியே வந்ததும் வீதி முழுக்க ஆடியது. பயமா, குதூகலமா என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சவரிமுத்துவின் வாய்

ஒரு நாள் அவகாசம். மதுரையில் பிரெஞ்சு தெரிந்தவர் யார் என்று ஜட்கா வண்டிக்காரர்கள் வரை விசாரித்தேன். கடைசியில் ஒரு மீன்காரர் சொன்னார்: “ஆத்துக்கு அக்கரையில ஒரு எஞ்சினியர் துரை பங்களா இருக்கு. துரை இங்கிலீஷ்காரரு. துரைசாணி பிரெஞ்சுக்காரி. அங்க குசினியில சமைக்கிற காரைக்கால்காரன் ஒருத்தன் இருக்கான். மீனு வாங்குறப்ப என்னென்னமோ முனகுவான்.”

அந்தக் காரைக்கால்காரன்தான் சவரிமுத்து. என் வயதுதான் இருக்கும். தலைமுடி எண்ணெயில் படிந்து கிடக்கும். மீசை மட்டும் யாருக்கும் அடங்காது. நான் கதை முழுவதையும் கொட்டினேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“பேஷ்! வாத்தியாருக்கு வாத்தியாரா என்னை வச்சுக்கறீங்க. நான் ரெண்டாங்கிளாசுங்க.”

“பரவாயில்லை. வெங்காயத்துக்குப் பிரெஞ்சில் என்ன?”

வேப்பமரத்து நிழலில் நின்றுகொண்டிருந்தோம். அவன் வாயைத் திறந்தான். திறந்த வாய் அப்படியே நின்றது. கண்ணை மூடினான், நெற்றியைத் தட்டினான். பிறகு ஒரே ஓட்டமாகக் குசினிக்குள் ஓடி ஒரு வெங்காயத்தைக் கையில் எடுத்தான்.

“ஓன்யோன்!” என்று கத்தினான்.

“கையில எடுத்தாத்தாங்க வரும்” என்றான் வெட்கத்துடன். “ஒம்பது வயசுல குசினியில விட்டாங்க. எங்க எஜமானி சாமானைக் கையில குடுத்துப் பேரைச் சொல்லும். குடுக்காத சாமானுக்கு எனக்குப் பேரே தெரியாது.”

இப்படியாகத் தினமும் காலையில் நான் அவன் எதிரே உட்கார்ந்து காய் நறுக்கினேன். கத்தியைப் பிடித்தால் ‘கூத்தோ’. உப்பைத் தொட்டால் ‘ஸெல்’. கத்தரிக்காயை வகிர்ந்தால் ‘ஓபெர்ழீன்’. அந்தச் சொல் வாயிலேயே எண்ணெயில் வதங்கிக்கொண்டு வரும். மீனைத் தூக்கிப் பிடித்தால் விலை பேசுகிற பேச்சு முழுவதும் தொடுத்த பூ மாதிரி வரும்: ‘கொம்பியான்?’ என்றால் என்ன விலை. ‘த்ரோ ஷேர்!’ என்றால் அநியாய விலை.

நடுநடுவே பங்களாவுக்குள்ளிருந்து துரைசாணி அழைப்பாள். “சவரீ!” இவன் கத்தியைப் போட்டுவிட்டு, “ழாரீவ், மதாம், ழாரீவ்!” என்று கூவிக்கொண்டு ஓடுவான். அரைமணி நேரத்தில் ஐந்து முறை ஓடுவான்.

“அதற்கு என்ன அர்த்தம்?”

“இதோ வாரேன், வாரேன்னு அர்த்தம். அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் கையில ஒண்ணும் வேண்டாங்க. காலு ஓடினாப் போதும்.”

ஒரு நாள் என் தோல் அட்டைப் புத்தகத்தை அவனிடம் நீட்டினேன். காதல் கவிதையாக இருக்கும் என்பது என் எண்ணம். சவரிமுத்து விரல் வைத்து நாலு பக்கம் தடவிப் பார்த்தான். ஒரு கோழிக்காலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான்.

“வாத்தியாரே, இதுல பக்கத்துக்குப் பக்கம் கோழி இருக்கு. முட்டை இருக்கு. கோழிக்கு வர்ற சீக்கு இருக்கு.”

மூன்று மாதமாக மேலமாசி வீதியில் கோழி வளர்ப்பைக் கண்டு பெருமூச்சு விட்டிருக்கிறேன். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் பால் பொங்கி அடுப்பு அணைந்தது. துரைசாணியே வந்து வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனாள். நான் எழுந்து கும்பிட்டேன். கையில் பீட்ரூட் இருந்தது.

சட்டையில் காரட்டு வாசனை

முதல் நாள் பாடத்துக்குச் சிலேட்டு கொண்டுபோனேன். மத்தியானம் ராக்கப்பன் சாப்பாட்டுக்குக் கடையை மூடி வந்து ஈஸிசேரில் சாய்கிற நேரம். கூடத்தில் உட்கார்ந்து, ‘வெங்காயம் என்றால் ஓன்யோன்’ என்று ஆரம்பித்தேன். பேச்சியம்மாள் கொட்டாவி விட்டாள்.

“அண்ணே, கோவிச்சுக்காதீக. இப்பிடிச் சும்மா உக்காந்தா எனக்குத் தூக்கந்தேன் வருது. அடுப்புல புளிக்குழம்பு வேற கொதிக்குது.”

சிலேட்டு அன்றோடு சரி. மறுநாளிலிருந்து அவள் அடுக்களையில் அரிவாள்மணை முன்னால், நான் முற்றத்தில் கவிழ்த்த கூடை மேல், இடையில் ஒரு வாசற்படி. காலையில் நான் எதை நறுக்கினேனோ அது மத்தியானம் அவள் கைக்குப் போகும். அவள் படித்த வேகம் எனக்குப் பயமாக இருந்தது. கை ஓட ஓட வாய் ஓடியது. கத்தரிக்காய் ஒன்று, சொல் ஒன்று. சொல்லும் காயும் சட்டிக்குள் விழும். நான் கூடை மேலிருந்து தாளம் போடுவேன். ஈஸிசேரிலிருந்து ராக்கப்பன் குரல் கொடுப்பான்: “பேச்சி, பிரெஞ்சு வெந்தது போதும், சோத்தைப் போடு!” “ழாரீவ்!” என்று அவள் தட்டும் கையுமாக ஓடுவாள்.

இருபதாவது நாளோ என்னவோ, அவள் முருங்கைக்காயை ஒடித்துக்கொண்டே கேட்டாள்.

“அண்ணே, ஒண்ணு கேக்குறேன். நீங்க காலையில படிச்சதைத்தேன மத்தியானம் எனக்குச் சொல்றீக?”

என் தாளம் நின்றது.

“யார் சொன்னது?”

“உங்க சட்டைதேன் சொல்லுது. நேத்து காரட்டு வாடை, நேத்து காரட்டுப் பாடம். இன்னைக்கு வாரப்பவே வெள்ளைப்பூண்டு வாடை. இன்னைக்குப் பூண்டுதேன்னு நான் எடுத்து உரிச்சே வச்சுட்டேன்.”

முறத்தில் பூண்டு உரித்து வெள்ளை வெளேரென்று இருந்தது. நான் எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தேன்.

“உக்காருங்க. எனக்கென்ன? ஒரு வேளை முன்னாடி படிச்சாலும் வாத்தியாருதேன். அண்ணன்கிட்டச் சொல்ல மாட்டேன்.” பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். “ஆனா காயும் மீனும் மட்டும் போதுமா? உடம்புக்கு முடியலைன்னா எப்பிடிச் சொல்றது? புருசனுக்கு என்ன வார்த்தை?”

அவ்வளவையும் மறுநாள் சவரிமுத்துவிடம் கொண்டுபோனேன். உடம்புக்கு முடியாததற்கு அவன் ஒரு சுக்குத் துண்டைப் பிடித்துக்கொண்டு யோசித்தான். ‘ழெ சுய் மலாத்’ என்று வந்தது. புருஷனுக்குத்தான் தவித்துவிட்டான். அவன் பிரம்மச்சாரி. கரண்டி கரண்டியாக எடுத்துப் பார்த்தான். சூப்புக் கரண்டி கைக்கு வந்ததும் முகம் மலர்ந்தது.

“மோன் மரி! துரை சாப்பாட்டுக்கு லேட்டா வரும்போதெல்லாம் சூப்பு ஆறுதேன்னு துரைசாணி அப்படித்தான் திட்டும். மோன் மரி, மோன் மரின்னு. என் புருசன்னு அர்த்தம்.”

பேச்சியம்மாளிடம் சூப்புக் கரண்டி இல்லை. அடுக்களையைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு அம்மியண்டை உட்கார்ந்து குழவியின் மேல் இரண்டு கையையும் வைத்தாள்.

“இதுதேன் சரி. நம்ம உருட்டினாத்தேன் உருளும். இல்லாட்டி கிடந்த இடத்துலயே கிடக்கும்.”

ராக்கப்பன் ஈஸிசேரிலிருந்து விழுந்து எழுந்தான்.

அவள் சிரிக்கவில்லை. குழவியை மெதுவாக ஒரு முறை உருட்டினாள். “மோன் மரி எத்தா சைகோன்” என்றாள். என் புருஷன் சைகோனில் இருக்கிறார். நான் கூடையை எடுத்து வைத்துவிட்டு அன்று சீக்கிரம் கிளம்பினேன். தெருவில் இறங்கியதும் என் கால்கள் என்னைக் கேட்காமல் வைகை வரைக்கும் ஓடின. மணலில் நின்று தண்ணீருக்கு, எருமைக்கு, சலவைக் கல்லுக்கு, எல்லாவற்றுக்கும் பிரெஞ்சில் பேர் கேட்டேன். கையில் எடுக்க முடியாதவை எல்லாம் பேசாமல் இருந்தன.

வெறுங்கை

அந்தப் பேசாமையில் எனக்கு ஒரு குறிப்பு இருந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. இப்போது கூடத்தில், வேலுச்சாமியின் எதிரே, பேச்சியம்மாள் முந்தானைக்குள் சுருட்டிய கைகளைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

மூன்று மாதமாக அந்தப் பெண்ணை ஒரு நாளாவது வெறுங்கையோடு பேசவைத்தேனா? பரீட்சைக்குக் கணவனின் அண்ணன் முன்னால் வந்து நிற்கிறவள் முறத்தோடா வந்து நிற்பாள்? அடக்கமாக, குளித்து, பூ வைத்து, கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பாள். இது எங்கள் மூன்று பேர் மண்டையிலும் ஏறவில்லை.

வேலுச்சாமி இன்னொரு கேள்வி கேட்டார். அவள் கண் நிறைந்தது. ராக்கப்பன் என்னைப் பார்த்த பார்வையில் அவன் கடைக் கயிறு முழுவதும் எனக்காக முறுக்கேறிக்கொண்டிருந்தது.

வேலுச்சாமி கெட்டவர் இல்லை. குரலைத் தமிழுக்கு இறக்கிக்கொண்டார்.

“சரி விடு தாயி. பயந்துக்கிட்ட. தம்பிக்கு நான் சொல்லிக்கிறேன். அடுத்த தடவை பாப்போம்.”

“அடுத்த தடவைன்னா எப்ப மாமா?”

அவர் கோட்டுப் பொத்தானைத் திருகினார்.

பேச்சியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “சாப்பிட்டுட்டுப் போங்க. அயிரை மீன் வாங்கி வச்சிருக்கு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவர் கை கழுவ முற்றத்துக்கு எழுந்தார். நான் வாசலைப் பார்த்தேன். செருப்பு எங்கே கிடக்கிறது என்று மனதுக்குள் தேடினேன்.

அடுக்களையில் வெங்காயம் அரிவாள்மணையில் பட்டது. சரக்.

“ஓன்யோன்…” என்று ஒரு குரல், மூக்கடைத்த குரல், தனக்குத்தானே. சரக், சரக். “கூத்தோ… ஸெல்… வீத், வீத்!” சீக்கிரம், சீக்கிரம் என்று யாரையோ அதட்டியது. மண்சட்டியில் உப்புப் போட்டு அயிரையை உரசுகிற சத்தம் எழுந்தது. அதோடு கூடவே விலை பேச்சும் எழுந்தது: “கொம்பியான்? த்ரோ ஷேர்! நோன், நோன், மதாம், த்ரோ ஷேர்!”

வேலுச்சாமி செம்பும் கையுமாக நின்றுவிட்டார். செம்பிலிருந்து தண்ணீர் அவர் கோட்டில் ஊற்றிக்கொண்டே இருந்தது.

தம்பி மனைவி சமைக்கிற இடத்துக்குள் மூத்தவர் எட்டிப் பார்ப்பது அந்தக் குடும்பங்களில் வழக்கம் இல்லை. அவர் மெல்ல நடந்து அடுக்களைச் சுவர் அருகே வந்தார். முகத்தைத் துளசிச் செடிப் பக்கம் திருப்பிக்கொண்டார். செடியைப் பார்த்தே மீனுக்கு ஒரு விலை சொன்னார், பிரெஞ்சில்.

சட்டி உரசல் ஒரு நொடி நின்றது. பிறகு சுவருக்கு அந்தப்புறமிருந்து பாதி விலை வந்தது.

இவர் ஏற்றினார். அவள் ஏற்றவில்லை. இவர் மீன் நல்ல மீன் என்றார். அவள் ஏதோ திருப்பிக் கொடுத்தாள். அது சவரிமுத்து மீன்காரரைத் திட்டுகிற வசவு என்பது எனக்கு மட்டும் தெரியும். துளசிச் செடி முன்னால் அந்தச் சந்தனக் கோட்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

“மாப்ள, என்னடா நடக்குது?” ராக்கப்பன் என் தோளைப் பிசைந்தான்.

“பேசாதே. பரீட்சை நடக்கிறது.”

உடம்புக்கு வந்தால் என்ன சொல்வாய் என்று கேட்டார். அஞ்சறைப்பெட்டி திறக்கிற சத்தம். சுக்கு கைக்கு வந்ததும் பதில் வந்தது. உன் புருஷன் எங்கே என்று கேட்டார். அம்மிக் குழவி கடகடவென்று உருண்டது. “மோன் மரி எத்தா சைகோன்!” ராக்கப்பன் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான்.

அப்புறம் அவர் ஒரு கேள்வி கேட்டார். கொஞ்சம் நீளமான கேள்வி. சிரிப்பு இல்லாமல், மெதுவாக, தம்பியின் பெயரையும் சொல்லிக் கேட்டார். எனக்கு அது புரியவில்லை. வாத்தியாருக்குச் சத்தியமாகப் புரியவில்லை.

அடுக்களையில் எல்லாச் சத்தமும் நின்றது. அரிவாள்மணை இல்லை, சட்டி இல்லை, குழவி இல்லை. போச்சு என்று நினைத்தேன். இதற்கு எந்தக் காயும் நாங்கள் நறுக்கவில்லை.

கொலுசுச் சத்தம் கேட்டது. பேச்சியம்மாள் ஓடிவந்தாள். வாசற்படியை ஒரே தாவலில் தாண்டி, வழக்கத்தை மறந்து, தலைமுடி அவிழ, முற்றத்து வெயிலில் மூத்தவர் முன்னால் வந்து நின்றாள். கை இரண்டும் ஈரமாக இருந்தன. இரண்டிலும் ஒன்றும் இல்லை.

“ழாரீவ்!” என்று கூவினாள். “ழாரீவ், ழாரீவ்!”

வேலுச்சாமி துளசியிலிருந்து திரும்பினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கோட்டு நுனியால் துடைத்தார்; கோட்டு நனைந்திருந்ததால் கண்ணாடி இன்னும் ஈரமானது.

“பெட்டியைக் கட்டு தாயி” என்றார். “அந்த அரிவாள்மணையையும் வச்சுக் கட்டு.”

பிறகு என் பக்கம் வந்தார். “இதென்ன பாடம் வாத்தியாரே? நான் எட்டு வருசமா அங்க இருக்கேன். இப்பிடி ஒரு வசவு எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கலையே!”

அந்த நீளமான கேள்வி என்னவென்று சாப்பிடும்போது நான் பேச்சியம்மாளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். அயிரைக் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

“‘கருப்பையா அங்க இருந்து உன்னக் கூப்பிடுறான், காதுல விழுகுதா?’ன்னு கேட்டாக. எனக்கு அவுக பேரு மட்டுந்தேன் புரிஞ்சுச்சு, மத்தது மாமா கொரல்லயே தெரிஞ்சுச்சு.”

எலுமிச்சம்பழம்

ரயிலடியில் அவளை வழியனுப்பப் போனோம். பாண்டிச்சேரி போய்க் கப்பல் ஏற வேண்டும். சவரிமுத்துவும் வந்திருந்தான், மீசையை எண்ணெய் போட்டு அடக்கி. அன்றுதான் அவன் தன் மாணவியின் மாணவியை முதன்முதலாகப் பார்த்தான். இல்லை, தப்பு. மாணவனின் மாணவியை. சந்தோஷத்தில் எனக்கு இன்னும் உறவு முறை குழம்புகிறது.

தூரப் பயணம் போகிறவர் கையில் எலுமிச்சம்பழம் கொடுப்பது வழக்கமல்லவா? ராக்கப்பன் கோவிலில் வாங்கி வந்த பழத்தை ஜன்னல் வழியே நீட்டினான். பழம் கையில் விழுந்த மாத்திரத்தில் பேச்சியம்மாள், “சித்ரோன்!” என்றாள். சவரிமுத்து பிளாட்பாரத்தில் குதித்தான். வண்டி நகர்ந்தது. அவள் பழத்தைப் பிடித்துக்கொண்டு தனக்குத் தெரிந்த எல்லாச் சொல்லையும் ஜன்னல் வழியே கொட்டிக்கொண்டே போனாள். வெங்காயமும் கத்தரிக்காயும் உப்பும் மீனும் புகையில் கலந்து மதுரை ரயிலடி முழுக்கப் பறந்தன. போர்ட்டர்கள் சுமையை இறக்கிவைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

அதற்கப்புறம் நான் யாருக்கும் பிரெஞ்சு சொல்லிக் கொடுக்கவில்லை. இப்போதும் வீட்டில் வெங்காயம் நறுக்க உட்கார்ந்தால் என் வாய் என்னை மீறி முணுமுணுக்கும். “ஆரம்பிச்சாச்சா?” என்பாள் என் மனைவி. கத்தியை வைத்துவிட்டால் ஒன்றும் ஞாபகம் இருக்காது.

ஐப்பசியில் சைகோனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ராக்கப்பன் கடைக்குப் போனேன். மழைக்கு நனையாமல் கயிற்றுச் சுருள்களுக்கு நடுவே உட்கார்ந்து இரண்டு பேரும் படித்தோம். கருப்பையா சௌக்கியம், கடை சௌக்கியம் என்று மேலே நாலு வரி. கீழே எனக்கென்று தனியாக எழுதியிருந்தாள்.

“வாத்தியாரண்ணனுக்கு. இங்க சந்தையில மீன் விக்கிறவளுக்குப் பிரெஞ்சு தெரியலை. அவ பேசுறது இந்த ஊருப் பாஷை. அம்புட்டும் வேற. மொத நாளு வீட்டுக்கு வந்து அழுதேன். அவுக பாத்துட்டு, ஊருக்குப் போறியான்னு கேட்டாக. போகலைன்னேன். மறுநாளு சந்தைக்குப் போயி அவ கூடையில இருந்து ஒரு மீனைக் கையில எடுத்தேன். எடுத்துக்கிட்டு அவ மூஞ்சியவே பாத்தேன். அவ சிரிச்சுக்கிட்டே ஒரு வார்த்தை சொன்னா.”